துப்பு துலங்காத கொலை வழக்குகள்: ஸ்டேஷனா, சிபிசிஐடியா, தனிப் பிரிவா?

"குற்றவாளிகளைப் பிடிக்க மூன்று தனிப்படைகள் அமைக்கப்பட்டுள்ளன." கொலைச் செய்தி ஒவ்வொன்றும் இந்த வரியில்தான் முடிகிறது. அந்தத் தனிப்படைகள் எப்போது கலைந்தன என்பது மட்டும் எந்தப் பேப்பரிலும் வருவதில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். மகன் கொலையாகிப் பதினோரு வருடம் ஆகிறது. ஒருமுறை அவருக்குத் துணையாக ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "எந்த வருஷத்துக் கேஸும்மா? நம்பர் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். அம்மா ஜவுளிக்கடை கவரிலிருந்து எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து நீட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. ரைட்டர் எழுந்துபோய் பீரோவைக் குடைந்துவிட்டு வந்து, "ஃபைல் டி.எஸ்.பி. ஆபீஸ்ல இருக்கும்மா, அடுத்த வாரம் வாங்க" என்றார். வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: "இவரு ஒன்பதாவது இன்ஸ்பெக்டர் தம்பி. எல்லார்கிட்டயும் முதல்ல இருந்து சொல்லணும்."

பழைய வழக்குகளுக்கென்று போலீசில் ஒரு தனிப் பிரிவு வேண்டுமா, வேண்டுமென்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியை நான் அந்த அம்மாவின் பக்கம் நின்றுதான் பார்க்கிறேன்.

முதலில் சட்டம். "யு.என். போட்டாச்சு" என்று போலீஸ்காரர்கள் பேச்சுவாக்கில் சொல்வார்கள். கண்டுபிடிக்க இயலவில்லை என்று கோர்ட்டில் அறிக்கை கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். அதோடு வழக்கு செத்துவிடாது. கொலைக்குக் காலவரம்பு கிடையாது. புதிய துப்பு கிடைத்தால் மேல்விசாரணை செய்யலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(8) சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193(9) அதையே சொல்கிறது. ஆகவே சட்டம் தடையில்லை. யார் செய்வது என்பதுதான் சிக்கல்.

வழக்கை ஸ்டேஷனிலேயே விட்டுவைப்பது ஒரு வழி. அதற்கும் நியாயம் உண்டு. அந்தத் தெரு, அந்தக் குடும்பத்துப் பகை, பத்து வருடத்துக்கு முன் அங்கே டீக்கடை வைத்திருந்தவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பதெல்லாம் உள்ளூர் ஏட்டுக்குத் தெரியும்; சென்னையிலிருந்து வரும் அதிகாரிக்குத் தெரியாது. ஆனால் அந்த ஏட்டு இன்றைக்குக் கோயில் திருவிழா பந்தோபஸ்து, நாளைக்கு அமைச்சர் வருகை, மறுநாள் கோர்ட் டியூட்டி. நேற்று நடந்த கொலைக்கே ஆள் போதாத இடத்தில் 2010-ஆம் வருடத்து ஃபைலை யார் தூசி தட்டுவார்கள்? ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது நம் ஊரில் பழகிப்போன வழி: மேலே மேலே மாற்றுவது. திமுகவின் கே.என். நேருவுடைய தம்பி, திருச்சி ராமஜெயத்தின் கொலை வழக்கைவிட இதற்குப் பெரிய உதாரணம் இல்லை. 2012 மார்ச் 29 அதிகாலை நடைப்பயிற்சிக்குப் போனவர் கொலை செய்யப்பட்டார். முதலில் உள்ளூர்த் தனிப்படைகள், அப்புறம் சிபிசிஐடி, அப்புறம் நீதிமன்ற உத்தரவால் சிபிஐ, கடைசியில் 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் சிறப்புப் புலனாய்வுக் குழு. அந்தக் குழு 2023 தொடக்கத்தில் பத்துப் பேருக்கும் மேல் உண்மை கண்டறியும் சோதனை நடத்தியது. சம்மதம் இல்லாமல் யாருக்கும் இந்தச் சோதனை செய்யக் கூடாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; சம்மதித்துச் சொன்னாலும் அந்த முடிவு மட்டும் தனியாகச் சாட்சியம் ஆகாது. பத்து வருடம் கழித்து வரும் குழுவின் கையில் இப்படிப்பட்ட கருவிகள்தான் மிஞ்சும். ஒவ்வொரு கை மாறும்போதும் சாட்சிகள் மறுபடி அழைக்கப்படுகிறார்கள். முதல் வாக்குமூலத்துக்கும் நான்காவது வாக்குமூலத்துக்கும் உள்ள வேறுபாடு நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் உதவும்.

இந்த வழியில் எனக்கு இன்னொரு மனத்தாங்கல் உண்டு. அப்போது முன்னாள் அமைச்சராக இருந்தவரின் தம்பி கொலையானதால் அந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பக்கத்துத் தெரு அம்மா வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவார்? மனுப் போட முடிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் சிறப்புக் குழுவைப் பொதுவான தீர்வாக என்னால் ஏற்க முடியவில்லை.

பிரிட்டனில் வேறு விதமாகச் செய்கிறார்கள். அங்கே பல போலீஸ் படைகளில் மறுஆய்வுக் குழு என்று ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற துப்பறிவாளர்களைச் சிவிலியன்களாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கைது செய்யக் கிளம்புவதில்லை. ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள். கேட்காமல் விட்ட கேள்வி எது, மறுபடி லேபுக்கு அனுப்ப வேண்டிய பொருள் எது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். 1993 ஏப்ரலில் லண்டனில் பஸ் ஸ்டாப் அருகே இனவெறிக் கும்பலால் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கு இப்படித்தான் திறந்தது. சந்தேக நபர் ஒருவரின் ஜாக்கெட் காலரில் அரை மில்லிமீட்டர் நீளம், கால் மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு ரத்தக் கறை. ஒரு கடுகைவிடச் சிறியது. முதல் பரிசோதனையில் யார் கண்ணிலும் படவில்லை. மறுஆய்வில் அகப்பட்டது. 2012 ஜனவரியில் இருவர் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.

அந்த விசாரணையில் எதிர்த்தரப்பு எதை வைத்துப் போராடியது தெரியுமா? ஜாக்கெட் இத்தனை வருடம் எந்தப் பையில் இருந்தது, பக்கத்தில் எது இருந்தது, கறை அங்கிருந்து ஒட்டியிருக்கலாமே என்பதை வைத்துத்தான். பை எங்கே இருந்தது, யார் தொட்டார்கள் என்பதற்குப் பதிவு இருந்ததால் அரசுத் தரப்பால் பதில் சொல்ல முடிந்தது. நம் ஊருக்கு இந்த முறையை அப்படியே கொண்டுவந்தால் இந்த இடத்தில்தான் இடிக்கும். ரத்தம் தோய்ந்த துணியைக் காயவைத்துக் காகிதத்தில் பொதிய வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. அழிந்துபோகும். வழக்கு முடிந்ததாகக் கணக்கில் ஏறிவிட்டால் வழக்கில் கைப்பற்றிய பொருட்களை அப்புறப்படுத்த உத்தரவு வாங்கவும் வழி இருக்கிறது. 1849-லேயே ரசாயனப் பரிசோதகர் அலுவலகம் தொடங்கிய ஊர் சென்னை. நம்மிடம் லேப் இல்லாமல் இல்லை. லேபுக்கு அனுப்ப அந்தச் சட்டை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான்காவது வழி, நிரந்தரமான தனிப் பிரிவு. இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவைக் காட்டுவேன். 1983-இல் தொடங்கியது. ஆனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலில் 1978-இல் திருடுபோன ராமர், லட்சுமணர், சீதை சிலைகள் 2020 செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. நாற்பத்திரண்டு வருடம்! புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958-இல் அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் அடையாளத்தை உறுதி செய்தன. தன்னார்வலர்கள் கண்டுபிடித்துச் சொன்னபோது, வாங்கிக்கொண்டு அடுத்த அடி எடுத்துவைக்க இங்கே நிலையான ஒரு அலுவலகம் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முந்தைய கொலை பற்றி யாருக்காவது இன்றைக்கு ஒரு தகவல் தெரிந்தால் எந்த நம்பருக்குப் போன் செய்வது?

அதே பிரிவின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சிலைத் திருட்டு வழக்குகளின் 41 கோப்புகள் காணாமல் போன விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஸ்டேஷன் பீரோக்களில் இருக்க வேண்டியவை அவை. பிரிவுக்குப் பெயர்ப் பலகை இருந்தாலும் கோப்பு அதன் கையில் இல்லை என்றால் இதுதான் நடக்கும்.

இடையில் கேரளாவையும் பார்த்துவிடலாம். கொல்லம் மாவட்டம் அஞ்சலில் 2006-இல் ஒரு தாயும் பிறந்து சில நாட்களே ஆன இரட்டைக் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட ராணுவ வீரர்கள் இருவரும் தலைமறைவு. பத்தொன்பது வருடம் கழித்து, 2025 ஜனவரியில், நம் புதுச்சேரியில் வேறு பெயர்களில் வாழ்ந்துகொண்டிருந்தவர்களை சிபிஐ கைது செய்தது. பழைய போட்டோவில் இருந்த முகம் இன்றைக்கு எப்படி இருக்கும் என்று செயற்கை நுண்ணறிவு மூலம் உருவாக்கித் தேடியது உதவியது. அருமையான வேலை. ஆனால் இதை வைத்து "கம்ப்யூட்டர் இருந்தால் போதும்" என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே ஆள் யார் என்று தெரியும், எங்கே என்பதுதான் தெரியாது. யார் என்றே தெரியாத வழக்குக்குச் சாட்சியும் தடயமும்தான் வேண்டும். அமெரிக்காவில் பல வருடம் அகப்படாமல் இருந்த கோல்டன் ஸ்டேட் கொலையாளியை 2018-இல் பிடித்ததுபோல உறவினர்களின் டி.என்.ஏ. வழியே போகவும் நம்மிடம் அப்படியொரு பொதுத் தரவுத்தளம் இல்லை. டி.என்.ஏ. தரவு வங்கி அமைப்பதற்கான மசோதாவையே 2023-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

இத்தனையும் பார்த்தபின் என் ஓட்டு தனிப் பிரிவுக்குத்தான், ஆனால் அதற்குள் பிரிட்டிஷ் மறுஆய்வு முறையும் இருக்க வேண்டும். சிபிசிஐடிக்கு உள்ளேயே இருக்கட்டும். பந்தோபஸ்துக்கு அனுப்பக் கூடாது என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். விசாரணை அதிகாரி பணியில் இருப்பவராகத்தான் இருக்க முடியும். படிப்பதற்கு ஓய்வுபெற்ற எஸ்.ஐ.களையும் ஏட்டுகளையும் கூப்பிடலாம். முதல் நாள் சம்பவ இடத்துக்குப் போனவர்கள் பலர் இன்னும் நல்ல நினைவோடு இருக்கிறார்கள், இன்னும் பத்து வருடம் கழித்து இருக்க மாட்டார்கள். எந்த வழக்கை முதலில் எடுப்பது என்பதைப் பத்திரிகைச் சத்தமோ சிபாரிசோ முடிவு செய்யக் கூடாது. தடயப் பொருள் மிஞ்சியிருக்கிறதா, சாட்சி உயிரோடு இருக்கிறாரா, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

முதல் வருடம் ஒரு கைதும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை. மாவட்டம் மாவட்டமாகப் போய் எந்த வழக்கின் கேஸ் டைரி ஃபைல் இருக்கிறது, எந்தப் பார்சலின் அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறது என்று எண்ணிப் பட்டியல் எடுக்கட்டும். யு.என். போட்ட கொலை வழக்கின் பொருள் எதையும் இந்தப் பிரிவைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்ற உத்தரவு அன்றைக்கே வர வேண்டும். அப்புறம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடிதம்: உங்கள் வழக்கு எண் இது, ஃபைல் எங்களிடம் இருக்கிறது, அதைப் பார்க்கும் அதிகாரி இவர், போன் நம்பர் இது. பக்கத்துத் தெரு அம்மாவின் ஜவுளிக்கடை கவருக்குள் அந்த எஃப்.ஐ.ஆர். நகலோடு வைக்க அப்படி ஒரு தாள் இதுவரை வரவில்லை.