பாவித்த மெக்புக் வாங்கப் போகிறவர்களுக்கு: என் 185,000 ரூபாய் போன விதம்

சூட்டோடு சூடாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பம்பலப்பிட்டிப் பக்கம் பாவித்த லப்டொப்பும் போனும் விற்கும் ஒரு கடையில் 185,000 ரூபாய் கொடுத்து மெக்புக் ஏர் ஒன்று வாங்கினேன். அது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் இன்னும் பதிவில் இருக்கிற இயந்திரம். விற்றவர் இப்போது வட்ஸ்அப்பில் என்னை புளொக் பண்ணிவிட்டார். கடையின் பெயரைப் போடவில்லை. இந்தத் தொழிலைச் செய்வது அந்த ஒரு கடை மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

நான் மொபைல் ஆப் எழுதிப் பிழைக்கிறவன். அன்ட்ரொய்டுக்கு எழுத எந்த லப்டொப்பும் போதும். லினக்ஸ் போட்ட பழைய திங்க்பேட்டில்தான் இவ்வளவு காலமும் ஓட்டினேன். ஐபோனுக்கு என்றால் எக்ஸ்கோட் என்ற ஆப்பிளின் ஆப் எழுதும் மென்பொருள் வேண்டும், அது மெக்கில் மட்டும்தான் ஓடும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு புது மெக்கை என்னைப் போன்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். அதனால் வெளியிலிருந்து வரும் பாவித்த சாமான்தான் கதி. நான் வாங்கியது எம்1 சிப் போட்ட ஏர், 2020 நவம்பரில் வந்த மொடல். உள்ளே விசிறி கிடையாது, சத்தம் கிடையாது, இன்றைக்கும் நல்ல வேகம். 8 ஜிபி ரம் போதாது என்று சண்டை பிடிக்கிறவர்கள், கணினித் திரையிலேயே ஐபோனை ஓட்டிக் காட்டும் சிமுலேட்டரையும் முப்பது குரோம் டெப்பையும் ஒன்றாகத் திறந்து வைத்திருப்பவர்கள். இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கடையில் இருந்தவர் நடுத்தர வயது. நான் தமிழில் கதைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி எந்த ஊர்?" என்றார். அம்மா பருத்தித்துறை என்றேன். "அட, எங்கட பக்கம்தானே!" என்று கதிரையை இழுத்துப் போட்டு, பக்கத்துக் கடையில் பிளேன்டீ சொல்லி எடுத்துத் தந்தார். அவசரப்படுத்தவே இல்லை. பட்டரி எத்தனை தரம் சார்ஜ் ஆகியிருக்கிறது என்று சைக்கிள் கணக்கைப் பார்த்தேன், கீபோர்ட், திரை, ஸ்பீக்கர், போர்ட் எல்லாம் பார்த்தேன். பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கோடு கட்டிப்போடும் ஐக்ளவுட் பூட்டு இல்லை. எக்ஸ்கோடையே திறந்து ஒரு ஆப்பை பில்ட் பண்ணி, அதாவது உருவாக்கிக் காட்டினார். விலை குறைக்கக் கேட்டபோது, "எங்கட பிள்ளைகளுக்கு நான் பிழையான சாமான் தருவேனா? ஏதும் எண்டால் நேரே என்னட்ட வாங்கோ" என்று சொல்லி ஐயாயிரம் குறைத்தார். பில்லில் மூன்று மாத வொரண்டி என்று தன் கையால் எழுதித் தந்தார். அந்த வார்த்தையை நம்பித்தான் 185,000 ரூபாயையும் எண்ணி வைத்தேன். ஊரைச் சொல்லி ஏமாற்றியதுதான் காசை விட அதிகமாக எரிகிறது.

நேற்று இரவு, வீட்டில் ஓடும் டெஸ்ட் சேர்வருக்கு ஒரு பெயர் கொடுப்பதற்காக ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தேன். எந்தப் பெயர் எந்த இணைய முகவரிக்குப் போக வேண்டும் என்று கணினிக்குள்ளேயே எழுதி வைக்கும் பட்டியல் அது. நான் எழுதாத மூன்று வரிகள் அங்கே இருந்தன. மூன்றும் ஆப்பிளின் முகவரிகள். நிறுவனங்கள் தங்கள் மெக்குகளைப் பதிவு செய்து கட்டுப்படுத்தும் சேவைக்குரியவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் 0.0.0.0, எங்கேயும் போகாத முகவரி. அதாவது, இந்த மெக் ஆப்பிளிடம் போய் "நான் யாருடையது" என்று கேட்கவே முடியாதபடி வாயைக் கட்டியிருக்கிறார்கள். பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. மூன்று வரிகளையும் அழித்தேன். கொஞ்ச நேரத்தில் திரையின் மூலையில் அறிவிப்பு வந்தது: இன்ன நிறுவனம் உங்கள் மெக்கைத் தானாக அமைக்கலாம் என்று. கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் பதிவு விவரத்தை எடுத்துப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், பதிவு கட்டாயம் என்ற வரிக்கு நேரே 1, அதாவது ஆம். எல்லாம் வரிசையாக இருந்தது.

அந்த நிறுவனம் தன் பட்டியலிலிருந்து நீக்கினால் ஒழிய இது போகாது. அழித்துத் திரும்ப நிறுவினால் தொடக்கத்திலேயே அவர்களுடைய திரை வந்து நிற்கும். பதிவாகிவிட்டால் அவர்கள் நினைத்த நேரம் தூர இருந்தே பூட்டலாம், உள்ளே இருப்பதை அழிக்கலாம். என் வாடிக்கையாளர்களின் கோட் உள்ளே இருக்கிறது.

காலையில் கடைக்குப் போனேன். பிளேன்டீ தந்த மனிதர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அது சொப்ட்வெயார். வொரண்டி ஹார்ட்வெயாருக்கு மட்டும்தான்" என்றார். பில்லில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். முதலாளி டுபாயில், அவர் வந்தால்தான் கதைக்கலாம் என்றார். பிறகு மேசையில் இருந்த பெடியன் மெதுவாக, "பதினைந்தாயிரம் தந்தால் திரும்ப பைபாஸ் பண்ணித் தாறம் அண்ணா" என்கிறான்! பதிவைக் கேட்க விடாமல் மறைப்பதைத்தான் பைபாஸ் என்கிறான். திரும்ப. அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் வந்துவிட்டது. காசைத் திருப்பித் தாருங்கள் என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டதும், மற்ற கஸ்டமர்களுக்கு இடைஞ்சல் என்று வெளியே போகச் சொன்னார்கள். வீதியில் நின்று வட்ஸ்அப்பில் எழுதினேன். ஒரு டிக்கோடு நின்றுவிட்டது. 185,000 ரூபாய்!

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது தலை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். காசு கொடுக்க முதல், கடையிலேயே உங்கள் கண் முன்னால் மெக்கை முழுதாக அழிக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் போன் டேட்டாவில் இணைத்து முதலிலிருந்து தொடங்குங்கள், கடை வைஃபையில் வேண்டாம். நிறுவனத்தின் பெயர் வந்தால் எழும்பி வாருங்கள். "நேரம் இல்லை, ஏற்கனவே ரெடி பண்ணி வைத்திருக்கிறம்" என்றாலும் எழும்பி வாருங்கள். ஐபோன், ஐபேடுக்கும் இதே கதைதான். போன் என்றால் *#06# அடியுங்கள், ஐஎம்இஐ என்ற போனின் அடையாள இலக்கம் வரும். IMEI என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். பில்லில் சீரியல் இலக்கம் கட்டாயம் எழுத வையுங்கள். என் பில்லில் இருக்கிறது, இப்போது கையில் மிஞ்சியிருக்கும் ஒரே பிடி அதுதான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. நாளை முறைப்பாடு கொடுக்கிறேன். இதே பக்கத்தில் இதே மாதிரி மாட்டியவர்கள் பில்லைத் தூக்கி எறியாமல் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போவோம்.