விந்தணுத் தேர்வு: வாஷ், சிப், பிக்ஸி, மாக்ஸ் – யாருக்கு எது?

குழந்தைப் பேற்றுச் சிகிச்சையில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி செய்யலாம் என்று முடிவானதும், செலவுப் பட்டியலில் சிப், பிக்ஸி, மாக்ஸ் என்று விந்தணுவைத் தேர்ந்தெடுக்கும் முறைகள் கூடுதல் வரிகளாகச் சேரலாம். நகையை அடகு வைத்து மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மதுரைக்கு வருகிற குடும்பத்துக்கு ஒவ்வொரு வரியும் பாரம்தான். விலை கூடின முறை எல்லாருக்கும் நல்ல முறை ஆகிவிடாது. விந்துப் பரிசோதனை அறிக்கையில் என்ன குறை இருக்கிறதோ, அதற்கேற்ற முறையைத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் சாதாரண வாஷ், அதாவது விந்தைக் கழுவி நல்ல அணுக்களைப் பிரித்தெடுப்பது. இதில் இரண்டு வழி உண்டு. ஸ்விம் அப்பில், இளகிய விந்து 1 மில்லியைக் குழாயில் விட்டு, அதன் மேல் அணுக்களை உயிரோடு வைக்கும் கரைசலை (ஊடகம்) 1.2 மில்லி கலக்காமல் மெதுவாகச் சேர்ப்பார்கள். குழாயை 45 டிகிரி சாய்த்து, 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் ஓடும் அணுக்கள் மேலே நீந்தி வரும். மேலே உள்ள 1 மில்லியை மட்டும் எடுத்துக் கழுவுவார்கள். கிடைப்பது சுத்தமாக இருக்கும். ஆனால் அசையும் அணுக்களில் பெரும்பகுதி கீழேயே தங்கிவிடும். எண்ணிக்கை நன்றாக இருப்பவருக்கு இது போதும், குறைவாக இருப்பவருக்குக் கட்டுப்படியாகாது.

கிரேடியன்ட் முறையில் கூடுதலாகத் தேறும். அடியில் 80 சதவீத சிலிக்காக் கரைசல் 1 மில்லி, அதன் மேல் 40 சதவீதம் 1 மில்லி, அதற்கும் மேலே விந்து 1 மில்லி. 300 முதல் 400 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு) 15 நிமிடத்துக்குக் குறையாமல் சுழற்றுவார்கள். விதைநெல்லைத் தண்ணீரில் போட்டால் பதர் மிதந்து மணி அடியில் தங்குமே, அதுபோல முதிர்ந்த அணுக்கள் அடியில் சேரும். செத்தவையும் வெள்ளணுக்களும் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும்.

இங்கேதான் பிழைகள் நடக்கின்றன. ஒரே குழாயில் அளவுக்கு மீறி விந்தை ஏற்றினால் அணுக்கள் கட்டியாகி நடு அடுக்கிலேயே அடைத்துக்கொள்ளும். அடியில் சேர்ந்ததைப் புதுக் குழாய்க்கு மாற்றாமல் கழுவினால் சுவரில் ஒட்டிய கழிவும் கூடவே வரும். சுழற்றும் இயந்திரமான சென்ட்ரிஃப்யூஜில் ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும் பார்த்து வைப்பது இன்னொரு தவறு: ரோட்டரின் ஆரம் மாறினால் அதே ஆர்பிஎம்முக்கு விசை வேறு. விசை கூடினால் ஆக்சிஜன் கழிவுகள் பெருகி டிஎன்ஏ சேதமாகும்.

அந்தச் சேதத்தைத் தவிர்க்க வந்ததுதான் மைக்ரோஃப்ளூயிடிக் சிப். இதில் சுழற்றுவதே கிடையாது. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 850 மைக்ரோலிட்டர் விந்தைக் கீழறையில் செலுத்தி, நுண்துளைச் சவ்வின் மேல் ஊடகம் விட்டு, அரை மணி நேரம் 37 டிகிரியில் வைத்தால் நன்றாக நீந்தும் அணுக்கள் சவ்வைக் கடந்து வரும். அவற்றில் டிஎன்ஏ முறிவு குறைவாகவே இருக்கும். முறிவு அளவு (டிஎஃப்ஐ) 30 சதவீதத்துக்கு மேல் இருந்து, ஓட்டமுள்ள அணுக்களும் போதுமான அளவு இருந்தால் இதைக் கேட்கலாம். எண்ணிக்கை மிகக் குறைந்தவருக்குச் சிப்பின் மேலறையில் எடுக்க ஒன்றுமே இல்லாமல் போகலாம்.

பிக்ஸி வேறு ரகம். முட்டையைச் சுற்றி இயற்கையாக இருக்கும் ஹயலுரோனன் என்ற பொருளைப் பூசிய புள்ளியில் தலை ஒட்டிக்கொள்ள, வால் மட்டும் துடிக்கும் அணுவே முதிர்ந்தது என்று எடுப்பார்கள். 2019இல் லான்செட்டில் வெளியான, 2,772 தம்பதியரைக் கொண்ட பிரிட்டன் ஆய்வில் குழந்தை பிறந்த விகிதம் பிக்ஸியில் 27.4 சதவீதம், சாதாரண இக்ஸியில் 25.2. இந்த வித்தியாசம் புள்ளியியல்படி செல்லாது. கருச்சிதைவு மட்டும் 7 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே முதல் முயற்சிக்கே இது வேண்டியதில்லை. கரு தங்கித் தங்கிக் கலைந்தவர்கள் மருத்துவரிடம் பேசிப் பார்க்கலாம்.

இம்ஸியில் 6,000 மடங்குக்கு மேல் பெரிதாக்கித் தலையில் உள்ள குழிகளைப் பார்ப்பார்கள். நேரம் பிடிக்கிற வேலை. குழந்தைப் பேற்றைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மாக்ஸில் சாகத் தொடங்கிய அணுக்களை அனெக்ஸின் என்ற புரதம் பூசிய காந்தத் துகள் பிடித்து நிறுத்தும். அதன் கதையும் ஏறக்குறைய இதுதான்.

எந்த முறைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பும் வேரிகோசீல் (விதைப்பையில் நரம்பு வீங்குவது), புகை, தொற்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். அடுப்படியில் நாள் முழுக்க நிற்கும் பரோட்டா மாஸ்டருக்கும், இன்ஜின் சூட்டில் உட்காரும் லாரி ஓட்டுநருக்கும் சூடும் ஒரு காரணமாகலாம். ஓர் அணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். அதனால் மாற்றம் தெரிய மூன்று மாதம் வேண்டும்.

சாம்பிளை ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வைக்காதீர்கள், ஐஸும் வேண்டாம். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வாருங்கள். வழியில் செத்த அணுவை எந்தச் சிப்பாலும் பிழைக்க வைக்க முடியாது.