செட்டில்மெண்ட்: மொத்தமாகவா, மாதாமாதமா, தேதியைத் தள்ளியா?

என்னை வேலையிலிருந்து எடுத்த கூட்டம் 12 நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆறு மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். எப்படித் தருவீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மாதாமாதம் கணக்கில் போடுவார்களாம், புது வேலை கிடைத்தால் அந்த மாதத்தோடு நிறுத்திவிடுவார்களாம். இது ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. மூன்றாம் மாதம் வேலை கிடைத்தது. ஆறு என்று நம்பியது மூன்றாகச் சுருங்கியது.

தொகையைப் பற்றித்தான் எல்லோரும் மல்லுக்கட்டுகிறோம். அது எந்த வடிவில், எந்தத் தேதியில் வருகிறது என்பதில்தான் பாதிப் பணம் ஒளிந்திருக்கிறது.

முதலில் ஒரு கழித்தல் கணக்கு. நிலுவைச் சம்பளம், நோட்டீஸ் காலச் சம்பளம், சட்டமோ வேலை ஒப்பந்தமோ தரச்சொல்லும் ஈட்டுத்தொகை இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே வரவேண்டியவை. 'பேக்கேஜ்' என்று இவற்றையும் சேர்த்துப் பெரிதாகக் காட்டினால், கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். அந்த மிச்சம்தான், வழக்கு போட மாட்டேன் என்று நீங்கள் போடும் கையெழுத்துக்கான விலை. பேரம் அதில்தான்.

மொத்தமாக வாங்குவதன் பெரிய பலம், கதை அன்றோடு முடிந்துவிடுவது. நாளைக்கே வேறு வேலை கிடைத்தாலும் பணம் உங்களுடையது. கம்பெனியே மூடப்பட்டாலும் கவலை இல்லை. குறை, வரி. ஒரே ஆண்டில் மொத்தமாக விழும்போது, வருமானம் கூடக்கூட வரி விகிதமும் ஏறும் நாடுகளில் மேல் படிக்குத் தள்ளப்படலாம். வரி ஆண்டு முடியும் தறுவாயில் இருந்தால், பணத்தை அடுத்த ஆண்டின் முதல் வாரத்தில் போடச் சொல்லிக் கேட்கலாம். கம்பெனிக்கு இதில் பெரிய நஷ்டம் கிடையாது.

மாதாமாதம் வாங்குவதில் பணம் பத்திரமாகச் சொட்டுவதுபோல் ஓர் ஆறுதல். கையில் பணம் நிற்காதவர்களுக்கு அது நிஜமான நன்மையும்கூட. ஆனால் எனக்கு நேர்ந்த நிறுத்தல் நிபந்தனை ஒரு பக்கம், கம்பெனி திவாலானால் கடன்காரர்களின் வரிசையில் நின்று மிச்சப் பணத்தைக் கேட்க வேண்டிய நிலை மறுபக்கம். நிபந்தனையை எடுக்க மாட்டோம் என்று பிடிவாதமாகச் சொன்னால், குறைந்த தொகையை மொத்தமாகக் கேளுங்கள். ஆறு மாதத்துக்குப் பதில் நாலரை மாதம் என்று வைப்போம். நாலரை மாதத்துக்குள் வேலை கிடைத்தால் உங்களுக்கு லாபம். அதைத் தாண்டினால் நஷ்டம், அதுவும் அதிகபட்சம் ஒன்றரை மாதச் சம்பளம். உங்கள் துறையில் வேலை கிடைக்க எவ்வளவு நாள் ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வழியைப் பலர் கேட்பதே இல்லை: கடைசி வேலை நாளைத் தள்ளிப்போடுவது. வேலைக்குப் போக வேண்டாம், பெயர் மட்டும் சம்பளப் பட்டியலில் இருக்கட்டும் என்பது. கம்பெனி தருவதாகச் சொன்ன பங்குகள் கைக்கு வரும் தேதி, போனஸ் தேதி, மருத்துவக் காப்பீடு எல்லாம் பெரும்பாலும் அந்த நாளை வைத்தே ஓடுகின்றன. வேலை விசாவில் இருப்பவர் இன்னும் எத்தனை நாள் நாட்டில் தங்கலாம் என்பதும் பெரும்பாலும் அந்த நாளை வைத்துத்தான். பங்கு வரும் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் உங்களை அனுப்பினால், அந்த மூன்று வாரம் இரண்டு மாதச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். 'இன்னும் பணம் தாருங்கள்' என்பதைவிட 'தேதியை மாற்றுங்கள்' என்பதற்கு எச்ஆர் எளிதில் இறங்கி வருவார். ஒரே சிக்கல், அந்த நாட்களில் வேறு இடத்தில் சேர முடியாமல் போகலாம்.

பணமில்லாத சலுகைகளில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் முக்கியமாகப் படுகிறது: போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற தடையை நீக்குவது. லேப்டாப்பை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கெல்லாம் மயங்க வேண்டாம்.

எதுவானாலும் அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். அமெரிக்காவில் 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர், வயதுப் பாகுபாட்டு வழக்குரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட வேண்டுமென்றால், யோசிக்க 21 நாள் தரவேண்டும். கூட்டமாக ஆட்களை வேலையிலிருந்து நீக்கினால் 45 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். பிரிட்டனில் இந்த மாதிரி உரிமைகளை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லுபடியாக, கம்பெனியைச் சாராத தனி ஆலோசகரிடம் நீங்கள் ஆலோசனை கேட்டிருக்க வேண்டும். உங்கள் ஊரில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "ஒரு வாரம் கொடுங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்." அப்புறம் மெயிலில் மூன்று கேள்விகள். மொத்தமாகத் தருவீர்களா? புது வேலை கிடைத்தால் நிறுத்துவீர்களா? கடைசி நாள் எது, ஏன் அந்த நாள்?