நுரையீரல் புற்றுநோயும் இருவர் உடற்பயிற்சியும்: 14 மாத அனுபவம்

தோழி ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள்: "அவருக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் ஆச்சு. உடற்பயிற்சி பண்ணச் சொல்றாங்க. நானும் கூடவே சேர்ந்து பண்ணட்டுமா? நீங்க ரெண்டு பேரும் பண்றீங்களே, எப்படி இருக்கு?" அப்போது எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவருக்கு வலது நுரையீரலின் மேல் மடலை எடுத்துவிட்டார்கள். வலப்பக்கம் இருக்கும் மூன்று மடல்களில் ஒன்று போனது. அப்புறம் நான்கு சுற்று கீமோ. சோர்வாக இருக்கிறதே என்று படுத்தே கிடந்தால் சோர்வு இன்னும் கூடும், உடம்பை அசைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. எங்கள் பயிற்சி மூன்றே: நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ரப்பர் பட்டை இழுப்பது. கூட ஒரு ஆள் சேரும்போது என்ன நடக்கிறது என்பதுதான் என் விஷயம்.

முதலில் எரிச்சல். வேகம், வேகம், வேகம்.

முதல் மூன்று மாதம் தோளோடு தோள் நடந்தோம். அவருக்கு ஏற்றபடி மெதுவாகத்தான் நடக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவரோ என் காலுக்கு ஈடுகொடுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரிசோதனைக்குப் போனபோது பிசியோதெரபிஸ்ட் மூச்சுத்திணறலுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டார். இவர் "மூணு" என்றார். அந்த அம்மா கழுத்தைப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை கயிறு மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது.

அன்றுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஆறு நிமிட நடைச் சோதனை இருக்கிறதே, 30 மீட்டர் நடைபாதையில் போய்ப் போய் வருவது, அதில் சோதிப்பவர் நோயாளியோடு சேர்ந்து நடக்கவே கூடாது. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் (American Thoracic Society) 2002-இல் வெளியிட்ட வழிமுறையிலேயே இது இருக்கிறது. பக்கத்தில் நடப்பவரின் கால் நோயாளியின் வேகத்தை மாற்றிவிடும். சோதனைக்கு இவ்வளவு கவனம். எங்களுக்குக் கொடுத்த தாளில் மட்டும் "குடும்பத்தினர் உடன் நடக்கலாம்" என்று ஒரே வரி. எப்படி நடப்பது, எங்கே நடப்பது, எதைப் பார்ப்பது, ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரி மேல் இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை.

அதற்குப் பிறகு அவர் முன்னால், நான் சற்றுப் பின்னால். பின்னாலிருந்து பார்த்தால் தோள் தூக்குவது முதலிலேயே தெரிகிறது. முன்பெல்லாம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் "மூச்சு வாங்குதா?" என்று கேட்பேன், பதில் சொல்லவே அவருக்கு மூச்சு செலவாகும். இப்போது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரலில் மதிப்பெண் காட்டுகிறார். மூன்று, நான்கு என்றால் நடக்கலாம். ஐந்து விரலும் விரிந்தால் நின்று, உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரும் இருக்கிறது. கை சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும், எண் இறங்கவும் சில நொடி தாமதமாகும். எண் நன்றாக இருக்கும்போதே மூச்சு திணறுவதும் உண்டு. அதனால் எனக்கு அவர் விரல்தான் முதல் கணக்கு.

இனி நான் எதிர்பார்க்காத சந்தோஷம்: ரப்பர் பட்டை. எதிரெதிரே நாற்காலி போட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்வோம். அவர் மூச்சை விட்டபடி இழுப்பார், நான் பிடித்துக் கொடுப்பேன். பதினான்கு மாதத்தில் அவர் உடம்பைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது அந்தப் பட்டைதான். "நல்லா இருக்கேன்" என்று வாய் சொல்லும்; ஆறாவது இழுப்பில் என் உள்ளங்கையில் பட்டை தளரும். ஆரம்பத்தில் தையல் போட்ட பக்கத்துக் கை தோள் உயரம்கூட வரவில்லை. இப்போது 12 தடவை, கடைசி இழுப்பிலும் என் கை முன்னால் போகிறது. அந்த இழுப்பு உள்ளங்கையில் படும்போது வரும் நிம்மதி எந்த ஸ்கேன் அறிக்கையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ரத்த அணுக்கள் குறைந்த நாட்களில் டாக்டர் பட்டையை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். எலும்புக்குப் புற்று பரவியிருப்பவர்கள் கேட்காமல் இழுக்கவே வேண்டாம்.

நியாயமாகச் சொன்னால் பலன் பெரிது. ஆறு நிமிடத்தில் 310 மீட்டர் நடந்தவர் இப்போது 385 நடக்கிறார். நான் செருப்பு மாட்டி நிற்பதால்தான் பல நாள் அவர் கிளம்பியிருக்கிறார்.

ஆனாலும் இன்று காலை ஏதோ யோசனையில் நான் மறுபடி முன்னால் போய்விட்டேன். திருப்பத்தில்தான் பக்கத்தில் ஆள் இல்லை என்று உறைத்தது. திரும்பி ஓடினேன். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார். பின்னால் யாரும் இல்லை.

ஆகவே தோழிக்கு இன்றைய என் பதில்: நடைக்கு நீ போகாதே. அவர் மாதிரியே மூச்சு வாங்கும் இன்னொருவரை, அவர் வேகத்திலேயே நடக்கும் ஆளை, பிசியோவிடம் கேட்டுச் சேர்த்துவிடு. பட்டையின் மறுமுனையை மட்டும் நீ பிடி.