ஆறு வருட சோலார் அனுபவம்: கரண்ட் போகும்போது என்ன நடக்கிறது

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது. முதலில் ஆன்கிரிட் (பேட்டரி இல்லாமல் தெரு மின் லைனோடு இணைந்து ஓடுவது), பிறகு அதோடு தனியாக லெட் ஆசிட் பேட்டரி, கடைசி இரண்டரை வருடமாக ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் (பேனல், லைன், பேட்டரி மூன்றையும் சேர்த்துக் கையாள்வது) லித்தியம் பேட்டரியும். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். மாதாமாதம் எவ்வளவு மிச்சமாகிறது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இரவு முழுக்க ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) ஓட வேண்டும். அதனால் கரண்ட் போன பிறகு வீட்டில் எது ஓடுகிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

பேனல் பொருத்திய இரண்டாவது வாரம், நல்ல மதிய வெயிலில் கரண்ட் போனது. மொட்டைமாடித் தரையில் கால் வைக்க முடியாத வெயில். ஆனால் வீட்டில் ஒரு ஃபேன்கூடச் சுற்றவில்லை. பழுது என்று நினைத்துப் பொருத்தியவருக்கு போன் செய்தேன். பழுது எதுவும் இல்லை. லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் ஓரிரு விநாடிக்குள் தானாக நின்றுவிடும். நம் மாடியில் உற்பத்தியாகும் கரண்ட் வெளி வயருக்குப் போனால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் உயிருக்கு ஆபத்து. ஆன்டி ஐலண்டிங் என்று இதைச் சொல்வார்கள். இந்தப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் பணம் வாங்குவதற்கு முன்னால் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம் என்ற கோபம் இன்னும் போகவில்லை. சோலார் போட்டால் கரண்ட் போகாது என்று நம்பித்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள்.

அப்போது அப்பா நன்றாக இருந்தார், சமாளித்துவிட்டோம். அவருக்கு மூச்சுத் திணறல் வந்து, வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அவசர அவசரமாக ஒரு சாதாரண இன்வெர்ட்டரும் இரண்டு 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் வகை லெட் ஆசிட் பேட்டரியும் வாங்கினோம். ஏழு மணி நேரம் தாங்கும் என்றார்கள். மூன்றரை மணி நேரம்தான் தாங்கியது.

அன்றைக்கு ராத்திரியே காகிதத்தில் கணக்குப் போட்டேன். 12 வோல்ட் பேட்டரி இரண்டு, ஒவ்வொன்றும் 150 ஏஎச். மொத்தம் 3,600 வாட் ஹவர், அதாவது 3.6 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே நமக்குக் கிடைப்பது 1.8 யூனிட். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் 350 வாட் எடுக்கிறது. ஒரு பழைய ஃபேன் 75 வாட், ஒரு விளக்கு, அதோடு இன்வெர்ட்டரில் வீணாகும் பங்கு. எல்லாம் சேர்ந்து 520 வாட். 1,800ஐ 520ஆல் வகுத்தால் அதே மூன்றரை மணி நேரம். கடையில் சொன்ன ஏழு மணி நேரம், பேட்டரியைச் சொட்டுவிடாமல் உறிஞ்சினால் வரும் கணக்கு.

அந்த பேட்டரிகளோடு நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடப்பதைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, வாசலின் தடவ வேண்டும். மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டம் இல்லாத இடத்தில் வைத்தது எங்கள் தவறு. சூடு 10 டிகிரி கூடினால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டாவது வருடத்திலேயே மூன்றரை மணி நேரம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. இதில் இன்னொரு கஷ்டம், பகலில் கரண்ட் போனால் மேலே பேனல் சும்மா கிடக்கும், கீழே பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

அப்புறம்தான் ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்கு மாறினோம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 51.2 வோல்ட், 100 ஏஎச், சுமார் 5.1 யூனிட். இதில் 90 சதவீதம் வரை தைரியமாக இறக்கலாம். கரண்ட் போன அடுத்த 10, 20 மில்லி விநாடிக்குள் மாறிவிடுகிறது, கான்சன்ட்ரேட்டர் அலாரம் அடிப்பதே இல்லை. ஃபேனையும் கரண்ட் குறைவாக எடுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினோம். இப்போது இரவுக்கு 400 வாட்டுக்குச் சற்று மேலே போகிறது, முழு பேட்டரியில் பத்து மணி நேரம் ஓடும். பகலில் கரண்ட் போனால் பேனல் நேராக வீட்டுக்குக் கொடுக்கிறது, மிச்சம் பேட்டரிக்குப் போகிறது. ஆன்கிரிட்டில் நான் எதிர்பார்த்தது இதுதான்.

ஆனால் வாங்கி வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. முதல் வருடம் ஒரு நாள் இரவு 2 மணிக்குக் கரண்ட் போனபோது பேட்டரியில் 24 சதவீதம்தான் இருந்தது. மாலையிலிருந்து வீட்டு உபயோகத்தையெல்லாம் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்தே எடுத்திருக்கிறது. 20 சதவீதம் வரை இறக்கலாம் என்று செட்டிங்கில் இருந்ததை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. அன்று அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்து வந்து ரெகுலேட்டர் மாட்டும்போது என் கை நடுங்கியது. இப்போது சாதாரண நாட்களில் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி வைத்திருக்கிறேன், மழை நாட்களில் 90. கரண்ட் போனால் மட்டும் அதற்குக் கீழே இறங்கும். ஹைப்ரிட் வாங்குகிறவர்கள் பொருத்திய அன்றே இந்த செட்டிங்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த பேட்டரி இருந்தாலும் சிலிண்டர் ஒன்று வீட்டில் நிறைந்திருக்க வேண்டும், அதில் நாங்கள் சமரசம் செய்வதில்லை.

பேனல் பற்றிச் சுருக்கமாக. 3 கிலோவாட் என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுக்கும் அளவு. வெயிலில் அது 60 டிகிரிக்குப் போகும், ஒரு டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் குறையும். எங்களுக்கு 2.4 கிலோவாட்டுக்கு மேல் வருவது அபூர்வம். கனத்த மேகம் என்றால் 300, 400 வாட். தண்ணீர்த் தொட்டியின் நிழல் பிற்பகலில் ஒரே ஒரு பேனலின் ஓரத்தில் விழுகிறது, அதற்கே அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. தூசியை விடியற்காலையில் கழுவுகிறேன், சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பேக்கப் லைனில், அதாவது கரண்ட் போனாலும் ஓடும் இணைப்பில், என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருங்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் அறை, ஃபிரிட்ஜ், வைஃபை, நாலு விளக்கு. மோட்டார் கிடையாது. 1 ஹெச்பி மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், அதனால் வெயில் நேரத்தில் தொட்டியை நிரப்பிவிடுகிறோம்.

சமீபத்தில்தான் கவனித்த ஒன்று: இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 50 வாட் தின்கிறது. ஒரு நாளைக்கு 1.2 யூனிட், பேட்டரியில் கிட்டத்தட்ட கால் பங்கு. அடுத்து இன்னொரு 5 யூனிட் பேட்டரி சேர்க்கப் போகிறோம். இடம் இருந்தாலும் பேனல் கூட்டவில்லை. எங்களுக்குக் கரண்ட் அதிகம் போவது இரவில்.