மாராவில் ஒரு நாள்: முழுநாள் சுற்றா, காலை மாலை இரண்டு சுற்றா?

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு 12 பேர் சேர்ந்து போகிறீர்கள், கையில் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், எந்த விடுதி என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு விடிந்ததிலிருந்து மாலை வரை உள்ளேயே சுற்றுவதா, வெயில் ஏறியதும் தங்குமிடம் திரும்பி மாலையில் மறுபடி கிளம்புவதா?

முதலில் நுழைவுச் சீட்டு. 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி–ஜூன் மாதங்களில் 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். காப்பகத்துக்கு வெளியே தங்குகிறவர்கள் மதியம் வாசலைத் தாண்டும் முன், அதே சீட்டில் திரும்ப விடுவார்களா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். விடவில்லை என்றால், ஜூலை–டிசம்பரில் 12 பேருக்கு இன்னொரு 2,400 டாலர். இரண்டு சுற்று என்பது காப்பகத்துக்குள்ளேயே தங்குபவர்களுக்குத்தான் சிக்கலில்லாமல் அமையும்.

விலங்குகளின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டு சுற்றுக்கே நியாயம் அதிகம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் ஆண்டு முழுவதும் 6.30ஐ ஒட்டி விடிகிறது. அடுத்த இரண்டரை மணி நேரம்தான் பொன்னானது: சிங்கங்கள் இரையருகே இருக்கும், சிறுத்தை மரமேறுவதற்குள் கண்ணில் படலாம். 11 மணிக்கு மேல் சிங்கம் புதர் நிழலில் படுத்துவிடும். கானல் அலைவதால் தூரப் படங்களும் கலங்கிப்போகும். பகலில் வேட்டையாடும் சிவிங்கிப்புலியும், ஆற்று நீர்யானைகளும், யானைகளும் மட்டும் விதிவிலக்கு.

ஆனால் ஜூலை முதல் அக்டோபர் வரை கணக்கே வேறு. அப்போது வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனத்தின் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும். கிழக்கே செக்கெனானி வாசலிலிருந்து நின்று நின்று போனால் ஆற்றுக்கு மூன்று மணி நேரம் ஆகிவிடும். கரையில் ஆயிரக்கணக்கில் கூடி, இறங்கப்போய், ஒன்று மிரண்டதும் மொத்தக் கூட்டமும் திரும்பிவிடும். மறுபடி கூட இரண்டு மணி நேரம் எடுக்கலாம். மதியம் திரும்பியே ஆகவேண்டும் என்ற நெருக்கடி உள்ளவர்களுக்கு இந்தக் காத்திருப்பு முடியாது. அந்த மாதங்களில் முழுநாள் சுற்றைத்தான் எடுக்க வேண்டும்.

அதற்கு விலை உண்டு. பதினொரு மணி நேரம் வண்டிக்குள். வழியில் கழிப்பறை அரிது. ஓட்டுநர் பார்த்துச் சொல்லும் இடத்தில் மட்டும் இறங்கலாம். முதியவர்களும் சிறு குழந்தைகளும் இருந்தால் குழுவை இரண்டாகப் பிரித்து, அவர்களின் வண்டியை மதியமே திருப்பிவிடுவது நல்லது. சாப்பாட்டுப் பெட்டியில் பெரும்பாலும் கோழித்துண்டும் அவித்த முட்டையும் இருக்கும். சைவம் என்றால் முந்தின இரவே சொல்லிவைக்க வேண்டும். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு 2020 முதல் கென்யக் காப்பகங்களில் தடை. ஆளுக்கு இரண்டு லிட்டர் எஃகுக் குடுவையில் வேண்டும்.

வண்டியிலும் இதே போட்டிதான். கூரை உயரும் வேன் மலிவு; காய்ந்த ஜனவரி, பிப்ரவரியில் அதுவே போதும். மார்ச்–மே மழையில் வேண்டவே வேண்டாம். மாராவின் தாழ்நிலம் நம் கோவில்பட்டிப் பக்கத்து மண்ணைப் போன்ற கரிசல்: நனைந்ததும் சக்கரத்தில் அப்பி, வண்டியை இருந்த இடத்திலேயே வழுக்கவைக்கும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வேன் அதில் சிக்கினால் மாலை முழுக்கப் போய்விடும். நான்கு சக்கரமும் இழுக்கும் லேண்ட் க்ரூஸருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் இல்லை.

எந்த வண்டியானாலும் 12 பேருக்கு இரண்டு வேண்டும், ஒன்றுக்கு ஆறு பேர். ஏழாவது ஆளை ஏற்றினால் பின்வரிசையில் நடுவில் ஒருவர் சன்னல் இல்லாமல் உட்கார நேரிடும். நாள் முழுக்க அவருக்குத்தான் மனக்குறை. கூரை திறந்ததும் உயரமானவர்கள் பின்னால் நிற்க வேண்டும். படமெடுக்கும் முன் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள், அதிர்வு படத்தைக் கெடுக்கும். காலைக் குளிருக்குத் தடித்த மேலாடை அவசியம். கடிக்கும் ட்செட்சி ஈக்கள் கருநீலத்தையும் கறுப்பையும் தேடி வரும், அந்த நிற உடைகள் வேண்டாம்.

பாதையை விட்டு இறங்கும்படி ஓட்டுநரை நெருக்காதீர்கள். காப்பகத்துக்குள் அது தடை, அபராதம் உண்டு. ஆற்றுப் பக்கம் போனவர்கள் பிற்பகல் 3 மணிக்குள் வண்டியைத் திருப்பினால்தான், வழியில் ஒரு சிங்கக் கூட்டத்துக்கு நின்றாலும் 6 மணிக்குள் வாசலைத் தொடலாம்.