பத்திரம் முடியும் முன் குடிவரச் சொல்கிறார்களா? உஷார்!

நான் வாங்கவிருந்த வீடு மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரப் படத்தில் தெரிகிற சமையலறை அலமாரிகள் என் செலவில் போட்டவை. ‘கிரயம் முடியும் வரை வாடகைக்குக் குடியிருக்கலாம்’ என்று ஏதோ சலுகை போல ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விலை பேசி, முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தமும் எழுதியாகிவிட்டது. வீட்டின் மேலிருந்த அடமானக் கடனை அடைத்துப் பத்திரங்களை மீட்க உரிமையாளர் அவகாசம் கேட்டார். “அதுவரை எதற்கு வேறிடத்தில் வாடகை கொடுக்கிறீர்கள்? இங்கேயே வந்துவிடுங்கள். கொடுக்கிற வாடகையை விலையில் கழித்துக்கொள்வோம்” என்றார். தரகரும் தலையாட்டினார். வாடகைக்கென்று தனி ஒப்பந்தம் தயாரானது. கழித்துக்கொள்ளும் பேச்சு மட்டும் அதில் இல்லை. கேட்டதற்கு, “கிரயத்தின்போது பார்த்துக்கொள்ளலாம், என் வாக்கு போதாதா?” என்று முகம் சுளித்தார்.

நாங்கள் குடியேறிய பிறகு அவருக்கு இருந்த அவசரம் போன இடம் தெரியவில்லை. இருக்க வேண்டிய காரணமும் இல்லையே! முன்பணம் கையில் இருக்கிறது, மாதம் பிறந்தால் வாடகை வருகிறது, வீட்டைப் பெருக்கித் துடைத்துக் காவல் காக்க நான் இருக்கிறேன். கடன் அடைந்ததா என்றால் வங்கியில் அதிகாரி மாறிவிட்டார் என்பார். அடுத்த முறை, தம்பி வெளியூரிலிருந்து கையெழுத்துப் போட வர வேண்டும் என்றார். தம்பிக்கும் பங்கு உண்டு என்பது அதுவரை பேச்சில்கூட வந்ததில்லை.

மாடியில் ஓர் அறையைப் பூட்டிச் சாவியை அவரே வைத்துக்கொண்டார், சாமான்கள் இருக்கின்றனவாம். அதைச் சாக்கிட்டு நினைத்த நேரத்தில் வாசலில் வந்து நிற்பார். முதல் மழையில் அந்த அறையிலிருந்து கீழே எங்கள் படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்கி, பெயின்ட் கொப்பளித்து உதிர்ந்தது. வீடு பார்க்க வந்த அன்று அந்தச் சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் வாடை அடித்ததன் காரணம் அப்போது விளங்கியது. பழுது பார்க்கச் சொன்னால், “நாளைக்கு உங்கள் வீடு, நீங்கள்தானே பார்க்க வேண்டும்?” என்றார். ஜன்னலுக்குக் கம்பி போட நான் ஆள் அழைத்து வந்தபோதோ, “வாடகைக்கு இருப்பவர்கள் சுவரில் கை வைக்கக் கூடாது” என்று அந்த ஆளைத் திருப்பி அனுப்பினார். செலவென்றால் நான் உரிமையாளர், உரிமையென்றால் குடித்தனக்காரர்.

கிரய ஒப்பந்தத்தின் கெடு முடிந்த கையோடு நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தம் காலாவதியாம், வாடகைதாரர் காலி செய்ய வேண்டுமாம். இழுத்தடித்தவர் அவர்! அதற்குள் அக்கம்பக்கத்தில் விலை ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டிய வாடகை வாடகையாகவே போயிற்று. முன்பணத்தில் ஒரு பகுதியைச் சுவர்ச் சேதத்துக்கென்று பிடித்துக்கொண்டார். எந்தச் சுவர் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு உங்களை யாராவது அழைத்தால், வாடகை விலையில் கழியுமா, எவ்வளவு கழியும் என்பதை இரண்டு ஒப்பந்தங்களிலும் எழுதச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம் கெடு. தாமதம் விற்பவருடையது என்றால் கெடு தானாக நீள வேண்டும், வாடகையும் நிற்க வேண்டும். முன்பணம் அவர் கைக்குப் போகாமல் இருவருக்கும் பொதுவான ஒருவரிடம் இருந்தால் நல்லது. குடியேறும் நாளிலேயே எல்லா அறைகளையும், பூட்டிய அறை உட்பட, படம் எடுத்து இருவரும் கையெழுத்திடுங்கள். இடையில் தீயோ வெள்ளமோ வந்தால் நஷ்டம் யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். நேர்மையாக விற்பவருக்கும் இது பாதுகாப்புதான். குடியேறியவர் வாங்காமலும் காலி செய்யாமலும் உட்கார்ந்துகொண்டால் விற்பவர் பாடு திண்டாட்டம்.

பிடித்துக்கொண்ட பணத்துக்காக வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். சாட்சி சொல்ல வேண்டிய தரகர் என் அழைப்பை எடுப்பதில்லை. ஒப்பந்தம் எழுதிய அன்றே தரகுப் பணம் அவர் கைக்குப் போய்விட்டது.